அறை வாடகையால் வெட்டுப்பட்ட பில்: மருத்துவச் செலவு குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி (மதுரை திருநகரிலிருந்து ஒரு வாசகி): எனக்கு 3 லட்ச ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பித்தப்பைக் கல்லுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு நான்கு நாள்கள் தங்கினேன். மொத்தப் பில் 1,59,200 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் 97,000 ரூபாய் மட்டுமே கொடுத்தது. மீதி 62,200 ரூபாயை வளையலை அடகு வைத்துக் கட்டினேன். பில் மூன்று லட்சத்துக்குள்தானே வந்தது, அம்மா? பிறகு ஏன் முழுவதும் கிடைக்கவில்லை?

பதில்: நீங்கள் அனுப்பிய பில் நகலையும் பாலிசிப் பத்திரத்தையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படித்தேன். உங்கள் பாலிசியில், அறை வாடகை நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம் வரை என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது 3,000 ரூபாய். நீங்கள் தங்கிய அறைக்கு வாடகை 4,800 ரூபாய். கூடுதலான 1,800 ரூபாயை நான்கு நாளைக்குக் கணக்கிட்டு 7,200 ரூபாய் கட்டினால் போதும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் பல மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர மருத்துவர் கட்டணமும் அறுவை அரங்குக் கட்டணமும் செவிலியர் கட்டணமும் சேர்ந்தே உயர்கின்றன. ஆகவே, தகுதியான அறைக்கும் தங்கிய அறைக்கும் உள்ள விகிதத்திலேயே இந்தக் கட்டணங்களையும் குறைத்துக்கொள்ளப் பாலிசி இடம் தருகிறது. உங்கள் கணக்கில் அந்த விகிதம் நூற்றுக்கு அறுபத்திரண்டரை. மருத்துவர், அரங்கு, செவிலியர் கட்டணங்கள் சேர்ந்து 96,000 ரூபாய். அதில் 60,000 ரூபாய் ஏற்கப்பட்டு 36,000 ரூபாய் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இதோடு நிறுத்தியிருந்தால், வருத்தமாக இருந்தாலும் விதிப்படி சரி என்றே சொல்லியிருப்பேன். ஆனால் மருந்துக்கும் பரிசோதனைகளுக்கும் ஆன 40,000 ரூபாயையும் அதே விகிதத்தில் 25,000 ரூபாயாகக் குறைத்திருக்கிறார்கள். இது தவறு. எந்த அறையில் படுத்திருந்தாலும் மாத்திரையின் விலை மாறுவதில்லை. மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனை ஆகிய செலவுகளை இந்த விகிதக் குறைப்பில் சேர்க்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-இலேயே நெறிமுறை வகுத்தது. உங்கள் பாலிசியின் சொற்பொருள் விளக்கப் பகுதியிலும் ‘தொடர்புடைய மருத்துவச் செலவுகள்’ என்ற தலைப்பில் அதே விலக்கு அச்சாகியிருக்கிறது. எனவே 15,000 ரூபாய் உங்களுக்குத் திரும்பி வர வேண்டிய பணம். எஞ்சிய 4,000 ரூபாய், பாலிசியின் இணைப்பில் ஏற்கப்படாதவை என்று பட்டியலிடப்பட்ட பொருள்களுக்கானது. அதைக் கேட்டுப் பயனில்லை.

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு, பில்லின் எந்த வரியில் எவ்வளவு தவறாகக் குறைக்கப்பட்டது என்று எழுதி, பாலிசியின் அந்தப் பக்கத்து நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 30 நாள்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இரவு பதினொரு மணிக்கு என் தாயாரை ஒரு மருத்துவமனையில் சேர்த்தபோது, பெரிய அறைதான் காலி என்றார்கள். நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டேன். மறுநாள் காலையில்தான் அதே மாடியில் சாதாரண அறைகள் இரண்டு பூட்டிக் கிடந்ததைப் பார்த்தேன். அந்த நேரத்தில் யாருக்கும் கணக்குப் பார்க்கத் தோன்றாது என்பதை நான் அறிவேன். ஆனாலும் சேர்க்கைப் படிவத்தில், ‘தகுதியான அறை இல்லாததால் இந்த அறையை ஏற்கிறோம், காலியானதும் மாற்ற வேண்டும்’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரி பின்னர் பேசுவதற்குப் பிடிமானமாக இருக்கும். டிஸ்சார்ஜ் அன்று காப்பீட்டு ஒப்புதலுக்காக மாலை வரை உட்கார்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனை கோரிக்கை அனுப்பிய மூன்று மணி நேரத்துக்குள் நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும் என்பது 2024 முதல் விதி. அதற்கு மேல் தாமதமாகி மருத்துவமனை கூடுதல் வாடகை கேட்டால், அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும்.

கேள்வி (உசிலம்பட்டியிலிருந்து): கட்டட வேலை செய்யும் என் கணவருக்கு இருதயத்தில் அடைப்பு என்கிறார்கள். எங்களிடம் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ‘முதலில் ஒரு லட்சம் கட்டுங்கள், அட்டையில் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று மருத்துவமனையில் சொல்கிறார்கள். வட்டிக்கு வாங்கிக் கட்டலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை அளிக்கும் இந்தத் திட்டம், நோயாளியிடம் பணம் வாங்காமல் சிகிச்சை தருவதற்காக ஏற்பட்டது. முதலில் கட்டிவிட்டுப் பின்னர் கேட்டுப் பெறும் ஏற்பாடு இதில் இல்லை. வாய்மொழி வாக்குறுதியை நம்பிக் கட்டிய பணம் திரும்பாமல் போகக்கூடும்.

அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது. குறிப்பாக இருதயச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு மருத்துவமனை எலும்பு சிகிச்சைக்கு மட்டும் திட்டத்தில் இருந்து, இருதயத்துக்கு இல்லாமலும் இருக்கலாம். இந்த விவரத்தை 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் உறுதி செய்துகொள்ளுங்கள். பணம் கேட்கப்பட்ட புகாரையும் அதே எண்ணில் பதிவு செய்யுங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மாவட்ட ஆட்சியரிடமும் மனுக் கொடுக்கலாம். இதற்கிடையில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, நம் ஊர்ப் பேச்சில் பெரியாஸ்பத்திரி, இருக்கிறது. அங்கே இருதயச் சிகிச்சைப் பிரிவும் இருக்கிறது, காப்பீட்டுத் திட்டமும் செல்லும். ஆனால் அவருக்கு நெஞ்சுவலி வந்தால் அட்டை, அனுமதி எதற்கும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து உடனே புறப்படுங்கள். அந்த வண்டிக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி (மேலூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கியே ஓய்வூதியம் கரைகிறது. மக்கள் மருந்தகத்தில் விற்கும் மலிவான மாத்திரையை நம்பலாமா?

பதில்: நம்பலாம், ஐயா. உங்கள் மாத்திரை அட்டையின் பின்புறத்தில் கம்பெனிப் பெயருடன் மருந்தின் பெயரும் அச்சாகியிருக்கும்; மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், அம்லோடிபின் 5 மில்லிகிராம் என்பதுபோல. அந்தப் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதி உங்கள் மருத்துவரிடம் காட்டி, இதே மருந்தை வேறு கம்பெனியில் வாங்கலாமா என்று கேளுங்கள். அவர் சரி என்றபின் மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை விசாரியுங்கள். மருந்தின் பெயரோடு அளவையும் ஒப்பிட மறக்க வேண்டாம். மெட்ஃபார்மினிலேயே மெதுவாகக் கரையும் வகை தனியாக உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்துகொண்டால் இவ்விரண்டு நோய்களுக்கும் மருந்து இலவசம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். ஓய்வூதியக்காரர் இதை வாங்கலாமா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. கடையில் பாதி அட்டையாக வாங்கும்போது, முழு அட்டையின் விலையை மாத்திரைக் கணக்கில் வகுத்து வரும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையில் உள்ள விதி.

கேள்வி (திருப்புவனத்திலிருந்து): என் அப்பாவுக்கு வயது 67, சர்க்கரை நோய் உண்டு. புதிதாகப் பாலிசி எடுக்க முடியுமா? படிவத்தில் சர்க்கரையைக் குறிப்பிட வேண்டாம் என்கிறார் முகவர்.

பதில்: எடுக்கலாம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் பாலிசி வழங்க 2024 ஏப்ரலில் வழி செய்யப்பட்டது. ஏற்கெனவே உள்ள நோயின் செலவைக் காப்பீடு ஏற்கத் தொடங்கும்வரை உள்ள காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள்.

முகவரின் யோசனையைக் கேட்காதீர்கள். சர்க்கரையைச் சொன்னால் பிரீமியம் கூடலாம், மூன்று ஆண்டு காத்திருக்க நேரலாம். மறைத்தாலோ, என்றோ ஒருநாள் பழைய மருத்துவச் சீட்டைக் கண்டெடுத்துக் கோரிக்கையையே நிராகரிப்பார்கள். அப்போது முகவர் உங்களோடு மருத்துவமனை வராண்டாவில் நிற்க மாட்டார். படிவத்தை அப்பாவின் கையாலேயே நிரப்பச் சொல்லி நகல் எடுத்து வையுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் அறை வாடகை வரம்பு எவ்வளவு, ஒவ்வொரு பில்லிலும் நாம் ஏற்க வேண்டிய பங்கு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். மூத்தோர் பாலிசிகள் பலவற்றில் இந்தப் பங்கு உண்டு. பிடிக்காவிட்டால் 30 நாள்களுக்குள் திருப்பி அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு போன்ற சிறு பிடித்தங்கள் போக மீதிப் பணம் வந்துவிடும்.