முட்டை கடைசியில்தான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செட்டிநாட்டு வீடுகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்களுடையது, மண்டி வைத்திருந்த பாட்டனார் 1920களில் கட்டிய நடுமுற்ற வீடு. முற்றத்தை ஒட்டிய சுவரின் அடி பொரிந்ததால் போன வருடம் சிமெண்ட் பூசினோம். இப்போது அதற்கு மேலே ஒரு முழம் உப்பு பூத்து உதிர்கிறது. காரைக்குடி மாதிரி முட்டை கலந்து பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். எத்தனை முட்டை வேண்டும்?

வாசகர், கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள நண்பருக்கு,

முட்டையை இப்போது வாங்க வேண்டாம். கானாடுகாத்தான் வீடுகளில் தடவிப் பார்த்து மயங்குகிறோமே, அந்த வழவழப்பில் முட்டைக்குப் பங்கு உண்டு. வெள்ளைக்கரு மட்டும், அதுவும் மேல்பூச்சில் மட்டும். சுவரைக் காப்பது அடியிலிருக்கும் சுண்ணாம்புக் காரை.

தரை ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு செங்கல் வழியே ஏறும். சுண்ணாம்பு அதை ஆவியாக வெளியே விடும், சிமெண்ட் விடாது. அடைபட்ட ஈரம் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலே போய் உலர்கிறது. அங்கே உப்பு படிகமாகிப் பழைய காரையை உள்ளிருந்து தள்ளுகிறது.

முதலில் முற்றத்தைப் பாருங்கள். செட்டிநாட்டு வீட்டின் நடுமுற்றமான வளவைப் போல உங்கள் வீட்டிலும் கூரைத் தண்ணீர் உள்ளேதான் விழும். பழைய கல்தளத்தின் மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தால் வாட்டம் கெட்டு, தண்ணீர் சுவரடியில் நிற்கும். ஒரு குடம் ஊற்றினால் தெரிந்துவிடும். அதைச் சரிசெய்யாமல் சுவரில் கைவைக்காதீர்கள்.

சிமெண்டை முழுதாகவும், பழைய காரையை உப்பு பூத்த இடத்துக்கு மேல் ஓர் அடி வரையும் கொத்தி எடுங்கள். கார்த்திகையில் எடுத்தால் மார்கழி, தையில் உங்கள் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சுவரை உலர்த்திக் கொடுக்கும். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி அள்ளுங்கள். கழுவினால் மறுபடி உள்ளே போகும். அந்தக் காற்றிலேயே பூசவும் கூடாது. சுண்ணாம்பு கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கு ஈரம் வேண்டும். சட்டென்று காய்ந்தால் மாவாக உதிரும். மாசி வரை பொறுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பு 3 வாரமாவது தண்ணீரில் ஊறட்டும். நீறாத குறுணை இருந்தால் பூசிய பிறகு ஊதி, அம்மைத் தழும்பு போலக் குழி விழும். 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு கழுவிய ஆற்றுமணல். சுவரை நனைத்து, அரை அங்குலத்துக்கு மிகாமல் ஒரு பூச்சு. ஈரச் சாக்கு தொங்கவிட்டு 10 நாள். அதன் மேல் பாதிக் கனத்தில் இன்னொன்று.

துணியில் சலித்த சுண்ணாம்பும் வெள்ளைக்கருவும் சேர்ந்த மெல்லிய பூச்சு கடைசியில் வரும். விரல் பதியாத பதத்தில் கூழாங்கல்லால் விடாமல் தேய்க்க வேண்டும். பளபளப்பில் பெரும்பங்கு அந்தத் தேய்ப்புதான். ஆனால் தேய்த்த பூச்சு இறுக்கமானது, ஈரச் சுவருக்கு ஆகாது. அதனால் இரண்டாம் பூச்சோடு நிறுத்தி, வெள்ளையடித்து, ஒரு இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, போகட்டும். பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டவே வேண்டாம். உப்பு திரும்ப வராவிட்டால் அடுத்த மாசியில் முட்டை வாங்குங்கள்.