தவணையைப் பார்த்து வாங்கும் பழக்கம்

கேள்வி: எனக்குச் சம்பளம் குறைவில்லை. ஆனால், மூன்றாவது வாரத்திலேயே வங்கிக் கணக்கு காலியாகிவிடுகிறது. இணையக் கடைகளில் ‘இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்’ முறையில் ஒன்பது பொருள்கள் வாங்கியிருக்கிறேன். எல்லாமே இரண்டு வாரத்துக்கு ஒன்று என நான்கு தவணைகள். அவற்றில் மூன்று என் தம்பி கேட்டு வாங்கியவை. ஒரு செயலியில் உடனடிக் கடன் வாங்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வரவு செலவு எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் விலையைப் பார்த்து வாங்குவதில்லை, தவணையைப் பார்த்து வாங்குகிறீர்கள். எல்லாக் கோளாறும் அங்கேதான் இருக்கிறது.

பணம் செலுத்தும் திரையை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ‘இன்று 100 மட்டும்’ என்பது கொட்டை எழுத்தில் இருக்கும். 400 என்ற முழு விலை பெரும்பாலும் அதன் கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் கிடக்கும். வாரம் ஒரு பொருள் இப்படி வாங்கினால் முதல் இரண்டு வாரம் 100 போகும். அடுத்த இரண்டு வாரம் 200, பிறகு 300. ஏழாவது வாரத்திலிருந்து வாரந்தோறும் 400 போய்க்கொண்டே இருக்கும். அதாவது, முழு விலையையே கட்டுகிறீர்கள். மனம் மட்டும் இன்னும் 100 என்றே கணக்குப் போடுகிறது.

‘வட்டியே இல்லை’ என்பார்கள். 100 தவணை தவறி, தாமதக் கட்டணமாக 10 பிடித்தால் அது இரண்டு வாரத்துக்கு 10 சதவீதம். ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 260 சதவீதம்! எந்தக் கடன்காரரிடமும் இந்த வட்டிக்கு நீங்கள் சம்மதிக்க மாட்டீர்கள்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. இன்றோடு புதிதாக வாங்குவதை நிறுத்தினால், ஆறே வாரத்தில் ஒன்பதும் தாமாகவே முடிந்துவிடும். ஆறு வாரத்தில் தீரும் சுமையை, செயலிக் கடன் வாங்கி ஓராண்டுக்கு ஏன் இழுக்க வேண்டும்? அதுவும் தொலைபேசியில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கும் செயலி என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

சேமித்து வைத்த அட்டை எண்ணை எல்லாக் கடைகளிலிருந்தும் இன்றே நீக்குங்கள். ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு 1999-இல் அமேசான் காப்புரிமை பெற்றது. 2017-இல் அது காலாவதியானது. யோசிக்கக் கிடைக்கும் அந்த அரை நிமிடம் கடைக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது இதிலிருந்தே தெரிகிறது. 2001-இல் வெளியான, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுக்குக் கடன் அட்டையில் கட்டச் சொன்னவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டியவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அட்டையை எடுத்துப் பதினாறு எண்களையும் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பாதிப் பொருள்களை நீங்களே கைவிட்டுவிடுவீர்கள்.

தம்பி விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். கணக்கு உங்கள் பெயரில் இருக்கிறது. தவணை தவறினால் கட்டணம் உங்களிடம்தான் பிடிப்பார்கள். அவருக்கு உதவ நினைத்தால் கையில் மிஞ்சும் பணத்தைக் கொடுங்கள், உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள். மூன்று பொருள்களின் மீதித் தவணைத் தேதிகளையும் அவருக்கு எழுதி அனுப்பி, ஒவ்வொரு தேதிக்கும் முந்தைய நாளே பணம் வந்துவிட வேண்டும் என்று சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒன்பதில் எதையாவது திருப்பி அனுப்பியிருந்தால், கடை உறுதிசெய்யும் வரை தவணை பிடிக்கப்படலாம். கடைக்கு மட்டும் சொல்லிவிட்டு இருக்காமல், தவணை நிறுவனத்துக்கும் ரசீதோடு எழுதிவிடுங்கள்.