நாக் கிரேடை எப்படிப் படிப்பது? அட்மிஷன் நேரக் கேள்வி பதில்

மதுரை வட்டாரக் கல்லூரி ஒன்றில் தர உறுதிப் பிரிவைக் கவனித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் பதில் சொல்கிறார்.

உசிலம்பட்டி, ஒரு தகப்பனார்: கல்லூரி வாசலில் 'ஏ பிளஸ்' என்று பெரிதாகப் போர்டு வைத்திருக்கிறார்கள். நம்பி மகளைச் சேர்க்கலாமா சார்?

எந்த வருடம் வாங்கிய கிரேடு என்று முதலில் கேளுங்கள் ஐயா. அதைத் தருவது நாக். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிட யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) 1994ல் அமைத்த தன்னாட்சி அமைப்பு அது. ஏழு அளவுகோல்களில் பார்த்து 4க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். 3.26 முதல் 3.50 வரை ஏ பிளஸ். பொதுவாக ஐந்து வருடம் செல்லும். இடையில் நல்ல ஆசிரியர்கள் விலகிப் போனாலும் போர்டு மாறாது.

இன்னொன்று, அது மொத்தக் கல்லூரிக்கும் சேர்த்துத் தருவது. மகள் சேரப்போகும் துறை எப்படி என்று அது சொல்லாது. அதற்குக் கல்லூரியின் இணையதளத்தில், நாக்குக்குத் தன்னைப் பற்றி அது எழுதிக் கொடுத்த சுய ஆய்வறிக்கையைத் தேடுங்கள். இரண்டாவது அளவுகோல் கற்றல் கற்பித்தல். அங்கே முழுநேர ஆசிரியர் விவரம் கேட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலோடு நேரே துறைக்குப் போய், இப்போது யார் யார் பாடம் எடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பாதிப் பேர் இல்லையென்றால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மேலூர், இறுதியாண்டு மாணவி: மாணவர் கருத்துக் கேட்கும் நாக் சர்வே மெயிலில் வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் நல்ல மார்க் போடச் சொல்கிறார்கள் சார்.

உண்மையைப் போடும்மா. சிலபஸ் எவ்வளவு முடித்தார்கள், ஆசிரியர் தயாராக வருகிறாரா, இன்டர்னல் மார்க்கில் நியாயம் இருக்கிறதா என்றெல்லாம் அதில் கேட்பது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை.

திருமங்கலம், கௌரவ விரிவுரையாளர்: நாக் கமிட்டி பார்வையிட வருகிறது என்றால் பாடம் நின்றுவிடுகிறது, ஃபைல் வேலைதான். இதனால் யாருக்கு என்ன பயன் ஐயா?

உங்கள் கோபம் நியாயம். ஒரு கல்லூரியில் ஐந்து வருட மாணவர் கருத்துப் படிவங்களைப் புரட்டினேன். எல்லாம் ஒரே நீல மை, ஒரே கையெழுத்து. தாளில் ஒரு மடிப்புகூட இல்லை. அந்தக் கட்டைத் தயாரிக்க எத்தனை வகுப்புகள் போயிருக்கும்!

ஆனால் வருடாவருடம் தர அறிக்கை அனுப்ப நாக் சொல்வதே, கடைசி நேரத்தில் உட்கார்ந்து எழுதக் கூடாது என்பதற்குத்தான். எங்கள் பிரிவில் ஒருமுறை தேர்ச்சி விவரத்தைப் பேப்பர்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் முதல் செமஸ்டரில் ஒரே பேப்பரில் வரிசையாக அரியர் வைத்திருந்தார்கள். பிள்ளைகள் மேல் குறையில்லை, புத்தகத்து இங்கிலீஷ்தான் தடை. அடுத்த வருடம் காலேஜ் திறந்ததும் இணைப்பு வகுப்பு வைத்தோம். ஃபைல் அந்த வகுப்புக்காக இருக்க வேண்டும். கமிட்டி அதைப் பார்த்துவிட்டுப் போனால் போதும்.

கே.புதூர், ஒரு அம்மா: மகனுக்கு இன்ஜினியரிங் பார்க்கிறோம். என்.பி.ஏ. என்கிறார்களே?

என்.பி.ஏ. என்பது தேசிய அங்கீகார வாரியம். அதன் அங்கீகாரம் பிரிவுக்குப் பிரிவு தனியாகத் தருவதும்மா. மெக்கானிக்கலுக்கு இருந்தால் ஐ.டி.க்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மகன் சேரும் பிரிவின் பெயரையும் அங்கீகாரம் முடியும் தேதியையும் என்.பி.ஏ. இணையதளத்திலேயே பாருங்கள்.

சோழவந்தான், ஒரு இளைஞர்: லஞ்சம் கொடுத்து கிரேடு வாங்கியதாகச் செய்தி வந்ததே, இனி எதை நம்புவது?

நல்ல கிரேடு போட லஞ்சம் வாங்கியதாக நாக் ஆய்வுக்குழுவினரை சி.பி.ஐ. 2025 பிப்ரவரியில் கைது செய்தது. என்னைப் போல இந்த வேலையை நேசித்துச் செய்தவர்களுக்குப் பெரிய வலி. குழு வந்துபோகும் சில நாட்களை மட்டும் நம்பியிருந்தால் இது நடக்கத்தான் செய்யும் தம்பி. கல்லூரி தன் அறிக்கையில் எழுதியது பொய் என்றால் முதலில் தெரிவது அங்கே படிப்பவர்களுக்கும் அவர்கள் பெற்றோருக்கும்தான். அவர்கள் அதைப் படித்துக் கேள்வி கேட்க வேண்டும், அதற்குக் கல்லூரி பதில் சொல்ல வேண்டும்.

வாடிப்பட்டி, பிளஸ் டூ மாணவர்: பக்கத்தில் புதுக் கல்லூரி. கிரேடே இல்லை. சேரலாமா?

இரண்டு செட் மாணவர்கள் படித்து வெளியேறியிருக்க வேண்டும், அல்லது கல்லூரி தொடங்கி ஆறு வருடம் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் நாக்குக்கு விண்ணப்பிக்கவே முடியும். அதனால் புதுக் கல்லூரிக்குக் கிரேடு இல்லாதது குறையில்லை. நீங்கள் சேரும் பாடத்துக்குப் பல்கலைக்கழக இணைப்பு இருக்கிறதா, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள்.