எபிங்ஹாஸ் எதை அளந்தார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மகனிடம், படித்ததில் 70 விழுக்காடு ஒரே நாளில் அழிந்துவிடும் என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளரின் மறதி வளைகோட்டைக் காட்டிப் பயிற்சி மையத்தில் சொல்கிறார்கள். மனப்பாடம் வீண்தானா? ஒரு பாடத்தை எத்தனை முறை திருப்பிப் படிக்க வேண்டும்?

க.

அன்புள்ள க.,

சில வாரங்களாக எபிங்ஹாஸைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் கடிதத்துக்கு இந்த நீண்ட பதில்.

‘அழிந்துவிடும்’ என்ற சொல்லைச் சற்றும் யோசிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஹெர்மன் எபிங்ஹாஸ் அழிவை அளக்கவில்லை. நடுவில் உயிரும் இருபுறமும் மெய்யுமாக ஏறத்தாழ 2,300 அசைகளை உருவாக்கி, அவற்றை வரிசைகளாக்கி, 1879-80இலும் மீண்டும் 1883-84இலும் தன்னந்தனியாக மனப்பாடம் செய்தார். சோதித்தவரும் சோதனைக்கு உள்ளானவரும் அவர் ஒருவரே. இடைவெளி விட்டு அதே வரிசையை மறுபடி கற்று, முதல் முறையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். ஒரு நாள் கழித்து ஏறத்தாழ 34 விழுக்காடு, 31 நாட்கள் கழித்து 21 விழுக்காடு உழைப்பு மிச்சம். 1885இல் அவர் வெளியிட்ட நூலில் இருப்பது இந்த மிச்சத்தின் கணக்கு; அதை நூறிலிருந்து கழித்து வந்ததை, கற்கும் நேரக் கணக்கில் மறந்த அளவு என்றே அவர் குறித்தார்; அதற்கு அழிவு என்று பெயரிட்டது பிறர் வேலை.

அவையும் பொருளற்ற அசைகள். ஆங்கிலக் கவிஞர் பைரனின் செய்யுளை அவர் மனப்பாடம் செய்தபோது அசைகளுக்கு ஆன உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே போதுமானதாக இருந்தது. அச்செய்யுளையே 22 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கற்றபோது, புதிதாகக் கற்பதைவிட 7 விழுக்காடு உழைப்பு குறைந்தது. நினைவுக்கு வராத ஒன்று இல்லாமலே போய்விட்டதாகாது என்பதை எண்ணால் காட்டிய அம்மனிதரின் பெயரைச் சொல்லியே ஒரு பிள்ளையை அச்சுறுத்துகிறார்கள். தகப்பனாகிய நீங்களும் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள்.

எத்தனை முறை என்பதற்கு என்னிடம் எண் இல்லை. ஒரே மூச்சில் 68 முறை படித்ததன் பயனை, மூன்று நாட்களில் பிரித்துப் படித்த 38 முறைகளே எபிங்ஹாஸுக்குத் தந்தன. மகனிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

எட்டு வயதில் எனக்குத் தாத்தா திண்ணையில் உட்கார்த்திக் கீழ்வாயிலக்கம் என்னும் பழைய தமிழ்ப் பின்ன வாய்பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று. பிறகு பள்ளிக்குத் தசமம் வந்தது, எல்லாம் மறந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, வீட்டுப் பரணில் கிடைத்த பழைய நிலக்கணக்கைப் படிக்க உட்கார்ந்தபோது, ஒரு காணிக்கு எத்தனை முந்திரி என்றுகூட எனக்குத் தெரியவில்லை. என்னுடன் கற்கத் தொடங்கிய நண்பர் கணிதப் பட்டதாரி. அவருக்கு இரண்டு வாரம் பிடித்தது. எனக்கு நான்கு மாலைகள். மூன்றாம் மாலை, அரைக்காணியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குக் கண் போகுமுன் என் வாய் ‘காணி’ என்றது, தாத்தா நீட்டும் அதே இழுப்புடன்.