எருக்குவியல் எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட முடியுமா?

போடலாம், ப்ளஸ் டூ இயற்பியலே போதும். மாடியில் பக்கெட்டில் போட்ட காய்கறிக் கழிவு வெதுவெதுப்போடு நின்றுவிடுகிறது, ஊரில் மாமா குவித்த எரு மட்டும் ஏன் கொதிக்கிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே கணக்குதான்.

நுண்ணுயிர்கள் குவியல் முழுக்க வெப்பத்தை உண்டாக்குகின்றன. அது வெளியேற மேற்பரப்பு ஒன்றுதான் வழி. குவியலை உருண்டை என்று வைத்துக்கொண்டால், மேற்பரப்பைவிட நடுப்பகுதி எத்தனை டிகிரி கூடும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஒரு கன மீட்டரில் உண்டாகும் வாட்டை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, வெப்பக் கடத்துத்திறனின் ஆறு மடங்கால் வகுக்க வேண்டும். கன மீட்டருக்கு 1000 வாட், கடத்துத்திறன் 0.4 என்று வைப்போம். 15 செ.மீ. ஆரமுள்ள பக்கெட்டில் சுமார் 9.4 டிகிரி ஏறும். 60 செ.மீ. ஆரமுள்ள குவியலில் 150 டிகிரி! ஆரம் நாலு மடங்கானால் சூடு பதினாறு மடங்கு. உங்கள் பக்கெட் மேல் தப்பே இல்லை.

நான் நெல்லிக்குப்பம் பக்கம். கரும்புச் சோகை, சாணி, சர்க்கரை ஆலையில் சாற்றை வடிகட்டியபின் மிஞ்சும் கசடான பிரஸ்மட் மூன்றையும் அடுக்கித்தான் எங்கள் வீட்டில் எரு போடுவார்கள். கடப்பாரையை நடுவரை சொருகிக் கொஞ்ச நேரம் விட்டு உருவினால் நுனியைத் தொட முடியாது. மேலே வர வர சூடு குறைந்து, விளிம்புப் பக்கம் ஒன்றுமே தெரியாது. சூத்திரம் போடும் வளைவு அப்படியே கம்பியில் இருக்கும்.

ஆனால் 150 டிகிரி என்பது எருவில் நடக்காத கதை. பலரும் போடும் கணக்கு மாதிரிகள் இங்கேதான் கோட்டை விடுகின்றன. முதலில் நீராவி. 1 கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வேண்டும். அந்த 1000 வாட்டையும் 40 நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரே குடித்துவிடும். மார்கழிக் காலையில் குவியலைக் கிளறும்போது புகை மாதிரி எழும்புவது இந்தக் கணக்குதான். காற்றோட்டம் நன்றாக உள்ள குவியலில் பெரும்பங்கு வெப்பம் போவதும் இந்த வழியில்தான்.

அடுத்தது, நுண்ணுயிர்கள் தாங்களே அடங்கிவிடும். 60 டிகிரிக்கு மேல் வேலை குறையும், 70-ஐத் தாண்டினால் தாக்குப்பிடிப்பவை கொஞ்சம்தான். ஆகவே வெப்பம் உண்டாகும் வேகத்தை மாறிலியாக வைக்காமல், வெப்பநிலைக்கேற்ப ஏறி இறங்கும் மேடாகப் போடுங்கள்.

கரும்புச் சக்கை மலைபோல் குவிந்தால் சமாச்சாரம் வேறு. நுண்ணுயிர்கள் சூட்டை 60, 70 வரை கொண்டுவந்து விட்டுப்போக, அதற்குமேல் வேதி ஆக்சிஜனேற்றம் கையில் எடுத்துக்கொள்கிறது. அதற்கு அடங்கும் குணம் கிடையாது; சூடு ஏற ஏற வேகமும் ஏறும். ஒரு எல்லை அளவுக்கு மேல் போனால் குவியல் தானாகவே பற்றிக்கொள்ளும். அந்த எல்லையைக் கணக்கிடும் வழியை சோவியத் விஞ்ஞானி ஃபிராங்க்-கமெனெட்ஸ்கி 1930-களிலேயே தந்துவிட்டார். நெய்வேலி நிலக்கரி போன்ற பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைக்கும்போது அழுத்திக் காற்றைக் குறைப்பதும் இதற்காகத்தான். ஈர வைக்கோலைப் போர் போடாதே என்று பெரியவர்கள் திட்டுவதும் சும்மா இல்லை.

சரி, என்ன செய்யலாம்? முப்பரிமாண மென்பொருள் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். எக்செல்லில் மணிக்கு ஒரு வரி: வெப்பநிலை, ஈரம், ஆக்சிஜன், மூன்றே பத்தி. ஆக்சிஜனை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1 கிராம் ஆக்சிஜன் செலவானால் சுமார் 14 கிலோஜூல் வரும். வாட் கணக்கே அதிலிருந்துதான் கிடைக்கும். கடலூர், புதுச்சேரி ஆட்களுக்கு இது இன்னும் முக்கியம். ஐப்பசி மழையில் இடைவெளியெல்லாம் தண்ணீர் நிறைந்துவிடும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். குவியல் எவ்வளவு பெரிதானாலும் சூடு இறங்கி நாற்றமெடுக்கும். அந்த மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கவாட்டில் மட்டும் காற்றுக்கு வழி விடச் சொல்லுங்கள் உங்கள் மாமாவிடம்.