பேசாத பந்தி

கேள்வி: அக்கா, எங்க ஊர் பாலக்கோடு பக்கம். பேர் போட வேண்டாம். பதினைந்து வருஷமா கல்யாணச் சமையல். முகூர்த்தத்துக்கு 3,000 ரூபாய் கிடைக்கும், வருஷத்துக்கு எழுபது முகூர்த்தம் தேறும். தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு புத்தத் தியான மையத்துல சமையலுக்கு ஆள் கேக்கறாங்க. மாசம் 18,000, தங்க இடம், சாப்பாடு. ஒரு முகாமுக்கு அறுபது பேர். பத்து நாள் யாரும் வாயே திறக்க மாட்டாங்களாம். காரம், மசாலா குறைக்கணுமாம். மதம் மாத்திடுவாங்கன்னு அம்மாவுக்குப் பயம். "சாமியாருங்களுக்கு ஆக்கிக் கொட்டப் போறியா"ன்னு பங்காளிங்க கேலி. அதெல்லாம் கூடப் பரவாயில்லைங்க. பந்தியில நின்னு, சாப்பிடறவங்க முகத்தைப் பார்த்தாத்தான் எனக்குச் சமைச்ச மாதிரி இருக்கும். பேசாதவங்களுக்கு எப்படிக்கா சமைக்கிறது? போகலாமா?

பதில்: தம்பி, உங்கள் கேள்வி கடைசி மூன்று வரியில்தான் இருக்கிறது. மற்றதை முதலில் முடித்துவிடுவோம்.

பணம். எழுபது முகூர்த்தத்துக்கு 2,10,000 ஆகிறது. மாதம் 18,000 என்றால் வருஷத்துக்கு 2,16,000. ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆடியிலும் மார்கழியிலும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டாம் என்பது லாபம். கிளம்பும்போது பெண் வீட்டார் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கும் ஐந்நூறு ரூபாய் போகிறது என்பது நஷ்டம். முகாமுக்கும் முகாமுக்கும் நடுவில் எத்தனை நாள் வீட்டுக்கு வரலாம், இ.எஸ்.ஐ. பிடிப்பார்களா (மாதம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கானது அது) என்பதையெல்லாம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தர்ம காரியம் என்று சொல்லும் இடத்தில்தான் நமக்குச் சம்பளம் பேசக் கூச்சம் வரும். அங்கே காய் நறுக்கவும் பரிமாறவும் வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத சேவகர்கள். நீங்கள் அப்படி வரவில்லை என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அம்மாவின் பயம். பத்து நாள், மௌனம் என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது விபாசனா முகாம். பர்மாவில் பிறந்த கோயங்கா 1969-ல் இந்தியாவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த முறை. எந்தச் சாமி கும்பிடுகிறவரும் போய் உட்காரலாம், யாரும் யாரையும் மாற்றுவதில்லை. புத்தர் நமக்குப் புதுசும் இல்லை. நம் பக்கத்துக் கோலார் தங்கவயலில் அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலேயே தமிழர்கள் பௌத்த சங்கம் வைத்திருந்தார்கள். அம்மாவை ஒரு நாள் கூட்டிப்போய்ச் சமையல்கட்டைக் காட்டிவிடுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பங்காளிகளுக்கு ஒரு கதை. 1223-ல் டோகன் என்ற ஜப்பானிய இளம் துறவி சீனாவுக்குக் கப்பலில் போய்ச் சேருகிறார். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது, காளான் வாங்க ஒரு கிழவர் ஏறி வருகிறார். வயது அறுபத்தொன்று. ஒரு மடத்தின் சமையல்காரத் துறவி. மறுநாள் மடத்தில் விசேஷச் சாப்பாடு என்று பல மைல் நடந்து வந்திருக்கிறார். "இன்றைக்கு இங்கேயே தங்குங்கள், பேசுவோம், சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ள மாட்டார்களா" என்று கேட்கிறார் டோகன். முடியாது, நான் போயாக வேண்டும் என்று கிழவர் இறங்கிப் போய்விடுகிறார். அது டோகனின் மனதில் அப்படியே தங்கிவிட்டது. ஊர் திரும்பி, 1237-ல் மடத்துச் சமையல்காரருக்கென்றே தனியாக ஒரு நூல் எழுதினார். அவர் சார்ந்த ஜென் பௌத்த மடங்களில் அந்தப் பொறுப்பு எடுபிடிக்கானது இல்லை, பக்குவப்பட்ட மூத்தவருக்குத்தான். பங்காளிகள் இதைக் கேட்டுவிட்டும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் அப்படி ஒரு முகாமின் சமையல்கட்டில் பத்து நாள் காய் நறுக்கினேன். மூன்றாம் நாள் சாம்பாருக்கு உப்புப் போட்டேன். நான் போட்டது தெரியாமல் இன்னொரு அம்மாவும் போட்டுவிட்டார். வேலை விஷயமாக நாங்கள் பேசிக்கொள்ளலாம்தான். ஆனால் அந்த இடத்தின் அமைதி நம் வாயையும் கட்டிவிடும். பதினோரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. வரிசையாக வந்தார்கள், தலை குனிந்து சாப்பிட்டார்கள், தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் போனார்கள். ஒரு முகம்கூடச் சுளிக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் மோர் அண்டா காலி. இன்னொரு முறை கரைத்து ஊற்றினோம், அதுவும் காலி. அன்றைக்கு மோர்தான் எங்களிடம் பேசியது.

அதற்குப் பிறகு நான் முகங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். தட்டு கழுவும் தொட்டியின் சல்லடையைப் பார்க்க ஆரம்பித்தேன். வெறும் கறிவேப்பிலையும் மிளகாயும் கிடந்தால் நல்ல நாள். பீட்ரூட் துண்டு கிடந்தால் வேகவில்லை. ஒரு நாள் சல்லடை நிறையப் பாதி கடித்த சப்பாத்தி. கல் காய்வதற்குள் போட்டு எடுத்தால் இப்படித்தான் ஆகும் என்று அந்த அம்மா தனக்குத்தானே முணுமுணுத்தார். கல்யாணப் பந்தியில் "பிரமாதம் மாஸ்டர்" என்பவர் பாதி மரியாதைக்குச் சொல்வார். சல்லடைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

சமையலும் வேறு மாதிரி. காலை நாலு மணிக்கு அவர்களுக்கு மணி அடிப்பார்கள், ஆறரைக்கு டிபன் போக வேண்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு அடுப்பு மூட்டுகிற உங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. பதினோரு மணிச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்காலம் ஐந்துக்கு, முதல் முறை வருகிறவர்களுக்கு டீயும் பழமும் அல்லது பொரியும், முன்பே ஒரு முகாம் முடித்தவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர் மட்டும். ராத்திரிச் சாப்பாடு கிடையாது. அதனால் முதல் இரண்டு நாள் பயத்தில் அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். நான் இருந்த முகாமில் நாலாம் நாள் அரிசி தானாகக் குறைந்தது.

நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்காரும் வயிறு அது. நம் ஊர் மொச்சைக்கொட்டைக் குழம்பு எவ்வளவு ருசியானாலும் அங்கே வேண்டாம், தியான அறையில் சத்தம் வரும். களியும் வேண்டாம், தூங்கிவிடுவார்கள். காலையில் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் சாமைச் சோறு, கீரைக் கடைசல், பாசிப்பருப்பு என்று வையுங்கள். வடக்கிலிருந்து வருகிறவர்களும் தட்டைக் காலி செய்வார்கள். மசாலாவை எடுத்துவிட்டால் சமையல்காரன் ஒளிந்துகொள்ள இடமில்லை. பருப்பு பதமாக வெந்ததா, கீரை பச்சை மாறாமல் இறங்கியதா, எல்லாம் அப்படியே வெளியில் தெரியும்.

இன்னொன்று, யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். அந்த வளாகத்துக்குள் உயிர்க்கொலை கூடாது. கரப்பானுக்கு மருந்து அடிக்க முடியாது, எலிக்குக் கூண்டு வைத்துத் தூரமாகக் கொண்டுபோய் விட வேண்டும். ரவையில் வண்டு வந்தால் வெயிலில் பரப்புங்கள், அதுவே ஓடிவிடும். காலிஃப்ளவரில் புழு ஒளிந்திருக்கும், அதை வாங்கவே வாங்காதீர்கள். வாயில் புகையிலை ஒதுக்கும் வழக்கம் இருந்தால் (சமையல் மாஸ்டர்களில் பாதிப் பேருக்கு இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்) அதையும் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். எனக்கென்னவோ, மௌனத்தைவிட இதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றுகிறது.

போகலாமா? ஒரேயடியாகப் போகாதீர்கள். ஆடியில் உங்களுக்கு முகூர்த்தம் கிடையாது. அந்த மாதம் ஒரு முகாமுக்கு மட்டும் சமைத்துத் தருகிறேன் என்று கேளுங்கள். கல்யாண ஆர்டர் எதுவும் கைநழுவாது. ராயக்கோட்டை வழியாக பஸ் ஏறினால் வந்துவிடும் தூரம்தான்.

பத்தாம் நாள் காலையில் மௌனத்தை முடித்துவைப்பார்கள். அன்று மதியம் நீங்கள் ஆசைப்படுகிற மாதிரி பந்தியில் போய் நிற்கலாம், முகத்தைப் பார்க்கலாம், அவர்களும் பேசுவார்கள். அன்றைக்கு மட்டும் அரிசியை ஒரு படி கூடப் போடுங்கள். பேசிக்கொண்டே சாப்பிடுகிறவர்களுக்கு அளவு தெரியாது.