வண்டுக்கு வண்டு என்ன வித்தியாசம்?

கேள்வி: எங்கள் அவகாடோ மரத்தில் பேனா முனை அளவு ஓட்டைகள். இலங்கையில் தேயிலையைத் துளைக்கும் வண்டேதான் என்கிறார் மாமா. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியுமா?
– ஒரு வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: தெரியாதும்மா. மாமாவையும் குறை சொல்ல முடியாது. தேயிலை வண்டும் இங்கே தென்னாப்பிரிக்காவில் மரங்களைத் துளைக்கும் வண்டும் நெருங்கிய சொந்தம், பல காலம் ஒரே பெயரில்தான் இருந்தன. பெண் வண்டே சுமார் 2 மில்லிமீட்டர்தான். நுண்ணோக்கியில் முதுகுக் கவசம், இறக்கை உறை இரண்டின் நீளத்தையும் அளப்போம். ஆனால் ஓர் இனத்தின் பெரிய வண்டும் அடுத்த இனத்தின் சின்ன வண்டும் ஒரே அளவில் வந்து நின்று கழுத்தை அறுக்கும்! அப்புறம் மரபணுதான் கதி. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு மரபணுவைப் படித்தால் பிரிவு பளிச்சென்று தெரியும். தேயிலை வண்டுக்கு இப்போது யூவாலேசியா பெர்பிரெவிஸ் என்று பெயர். 2017-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் (நிழல் தரும் ஒரு வகை) மரங்களில் கண்டது அதன் சொந்தமான யூவாலேசியா ஃபோர்னிகேட்டஸ். உங்கள் மரத்தில் இருப்பது எது என்பதைப் பரிசோதனைதான் சொல்லும். அதுவரை வெட்டிய கிளையை விறகென்று யாருக்கும் கொடுக்காதீர்கள். பெண் வண்டு, மரத்தை நோயாக்கும் பூஞ்சையையும் வாயில் சுமந்துகொண்டு கூடவே போய்விடும்.